நாச்சியார் எங்கே போனார்?

 

மத்ரஸா ஆசிரியர்களிடம் மக்கள் கேட்கும் கேள்விகளுள், தொழுகை, நோன்பு பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது, "பிள்ளைக்கு ஒரு நல்ல பெயர் சொல்லுங்கள், ஹஜ்ரத்" என்பதே. ஆண் குழந்தை என்றால் பேச்சு எளிதில் முடிந்துவிடுகிறது. பெண் குழந்தை என்றால் மூன்று நிபந்தனைகள் உடன் வருகின்றன. பெயர் சிறியதாக இருக்க வேண்டும். புதுமையாக ஒலிக்க வேண்டும். ஊரில் வேறு எவருக்கும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது. "நல்ல பொருளும் இருந்துவிட்டால் இன்னும் நலம்" என்று நான்காவதாகச் சொல்லிவிட்டுச் செல்வோரும் உண்டு.

நம் பாட்டிமார் காலத்தில் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெயர் முன்பே ஒருவருக்கு இருந்திருக்க வேண்டும். அண்ணலாரின் குடும்பத்திலோ, ஸஹாபிப் பெண்மணிகளிலோ, தம் வீட்டிலேயே வாழ்ந்து மறைந்த மூதாட்டியரிலோ யாரேனும் ஒருவர் அப்பெயரைத் தாங்கி நல்லபடி வாழ்ந்திருக்க வேண்டும். பிறகுதான் அது குழந்தைக்குச் சூட்டப்பட்டது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய பத்திரம் ஒன்றையோ, பழைய குடும்ப அட்டை ஒன்றையோ எடுத்துப் பாருங்கள். கதீஜா பீவி, ஆமினா உம்மா, ஹவ்வா அம்மாள், ருகையா பேகம், ஜுலைகா பானு, பாத்திமா கனி, செய்னம்பு நாச்சியார். எல்லாம் இரட்டைப் பெயர்கள். முன்னே நிற்பது நம் மார்க்க வரலாற்றிலிருந்து வந்தது. பின்னே நிற்பது நம் ஊரும் வீடும் தந்தது. இவை இரண்டும் கைகோத்து நின்ற அழகைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்கு முன்பு நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இதைப் பேசினால் நேர்மையாகாது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, கடலோர ஊர் ஒன்றின் மத்ரஸாவில் நான் ஓதிக் கொடுக்கத் தொடங்கியிருந்த நேரம். கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றிருந்தேன், அரபியும் ஓதியிருந்தேன். இளமையும் படிப்பும் ஒன்று சேர்ந்தால் எதையும் திருத்திவிட வேண்டும் என்ற ஆர்வம் பொங்கும் அல்லவா? அவ்வாண்டின் சேர்க்கைப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து தன் பெயரைத் தெளிவாகச் சொன்னாள். உண்மைப் பெயரை இங்கே எழுதுவது முறையன்று. 'செய்னம்பு நாச்சியார்' என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அப்படியே எழுதினேன். பிறகு சற்று யோசித்து, சிவப்பு மையால் அதன் மேல் ஒரு கோடு இட்டுப் பக்கத்தில் 'ஸைனப்' என்று எழுதினேன். "செய்னம்பு என்பது பிழை. நாச்சியார் என்பது அரபியிலேயே இல்லை. இனி உன் பெயர் ஸைனப்" என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகவே அன்று எனக்குப் பட்டது.

மறுநாள் காலை, வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு மூதாட்டி மத்ரஸா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அந்தச் சிறுமியின் உம்மம்மா அவர். கோபம் ஏதுமின்றிப் பேசினார். அவர் சொன்ன சொற்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன.

"அஸரத்து, பேருல பாதியக் காணோம்னு பிள்ளை வந்து அழுவுறா. செய்னம்பு நாச்சியாருங்கிறது என்னப் பெத்த உம்மா பேரு. என்னப் பெத்து நாப்பது கழியிறதுக்குள்ள அவுக மௌத்தாயிட்டாக. அவுகளுக்கு ஒரு போட்டோ கெடையாது. கபுருக்கு மேல ஒரு கல்லும் கெடையாது. அவுக மொகம் எனக்குத் தெரியாது. இந்தப் பேரு ஒண்ணுதான் மிச்சம். அதான் பேத்திக்கு வச்சோம்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பதிவேட்டை எடுத்துப் பெயரை மீண்டும் எழுதி, "மன்னித்துக்கொள்ளுங்கள் உம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ அரபி எழுத்துகளின் உச்சரிப்பைப் பற்றி அவருக்கு ஒரு சிறு விளக்கம் தந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க ஓதுனவுக. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்தார். அவர் வாதாடியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன். வாதாடாமல் போனார், அதனால் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நம் பெயர்களைப் பற்றிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க, என் சிவப்புக் கோடு எவ்வளவு அறியாமையானது என்பது விளங்கியது.

முதலில் 'செய்னம்பு' என்பதையே எடுத்துக்கொள்வோம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பது இலக்கணம். அவ்வாறு முடியும் பிறமொழிச் சொல் தமிழுக்குள் வந்தால், உகரம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு இயல்பாக நிற்கும். 'ஸைனப்' என்ற பெயர் நம் பாட்டிமார் நாவில் 'செய்னம்பு' ஆனது இப்படித்தான். 'கம்பு', 'செம்பு', 'கரும்பு' என்று வழங்கிய நாவுக்குச் செய்னம்பு வெளியூர்ப் பெயராகத் தோன்றவில்லை. வீட்டுப் பெயராகவே ஆகிவிட்டது.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. துருக்கியர் ஸைனபை 'ஸெய்னெப்' என்றும், பாத்திமாவை 'ஃபத்மா' என்றும், கதீஜாவை 'ஹதிஜே' என்றும் வழங்குகின்றனர். மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்களிடையே பாத்திமா 'ஃபத்துமாத்தா' ஆகி, மேலும் சுருங்கி 'ஃபாத்து' என்றும் ஆகிறது. ஆயிஷா 'ஐஸ்ஸத்து' ஆகிறது. உலகெங்கும் ஒவ்வொரு சமுதாயமும் இப்பெயர்களைத் தன் தாய்மொழியின் ஓசைக்குள் ஏந்திக்கொண்டது. நம் 'பாத்துமுத்து'வும் 'செய்னம்பு'வும் அந்த வரிசையில் தலைநிமிர்ந்து நிற்கத் தக்கவையே. ஓதும்போது எழுத்துகளைத் திருத்தமாக உச்சரிக்க வேண்டும், அதில் ஐயமில்லை. பாட்டியைக் கூப்பிடும்போது அந்தக் கண்டிப்பு எதற்கு?

அடுத்து, இரண்டாம் பெயர். இதில்தான் நான் பெரிதும் தவறினேன்.

'பீவி' பாரசீகத்தின் வழியே வந்த சொல். இல்லத் தலைவி, மரியாதைக்குரிய பெண்மணி என்று பொருள். 'பானு'வும் பாரசீகமே, சீமாட்டி எனலாம். 'பேகம்' துருக்கிய மூலத்திலிருந்து வந்தது. உயர்ந்த நிலையிலுள்ள பெண்மணியைக் குறிப்பது. 'சுல்தானா' அரபி, அரசி. 'சித்தி' என்பதும் அரபியே. 'என் தலைவி' என்ற பொருளில் பெயருக்கு முன்னால் வருவது. தமிழ்ச் செவிக்கு அது சின்னம்மாவை நினைவூட்டிச் சிறு குழப்பம் தருவது உண்மைதான். மலாய் மக்களிடமும் இதே சொல் 'சித்தி ஆமினா', 'சித்தி கதீஜா' என்று பெண் பெயர்களின் முன்னே நிற்கக் காணலாம். 'அம்மாள்', 'நாச்சியார்' இரண்டும் நம் தாய்த்தமிழ். நாச்சியார் என்றால் தலைவி, அரசி. ஐதர் அலியின் துணை பெற்று 1780-இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரை அறியாதார் யார்?

எத்தனை மொழிகள், எத்தனை நாடுகள்! ஆயினும் சொல்லப்படும் செய்தி ஒன்றுதான். பாரசீகத்திலும் துருக்கியத்திலும் அரபியிலும் தமிழிலும் நம் முன்னோர் பெண் குழந்தையைப் பார்த்து, "இவள் தலைவி" என்றே சொன்னார்கள். தொட்டிலில் கிடக்கும் ஏழு நாள் குழந்தைக்கு, மரியாதையையும் பெயரோடு சேர்த்தே வைத்துவிட்டார்கள். பெயரைச் சொல்லும் நாவு, தன்னையறியாமலே மரியாதையையும் சொல்லிவிடுகிறது.

"நாச்சியார் அரபியில் இல்லை" என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன் அல்லவா? சொல் இல்லைதான், கருத்து இருக்கிறது. அரபியர் மதிப்புக்குரியவரை அவரது இயற்பெயரால் அழைப்பதைவிட, 'உம்மு' என்றும் 'அபூ' என்றும் தொடங்கும் சிறப்புப் பெயரால் அழைப்பதையே பண்பாகக் கருதினர். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இயற்பெயர் ஹிந்த். அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் இயற்பெயர் ரம்லா. நம்மில் எத்தனை பேருக்கு இவ்வியற்பெயர்கள் தெரியும்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. ஆயினும் தம் சகோதரியின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரைக் கொண்டு 'உம்மு அப்தில்லாஹ்' என்று அவர்களும் அழைக்கப்பட்டார்கள். அந்த மரியாதையையே நம் முன்னோர் தமக்குத் தெரிந்த சொற்களால் செய்தார்கள். அதைத்தான் நான் ஒரு கோட்டால் அடித்தேன்.

இத்தகைய பெயர்களைத் தாங்கி நின்றவர்களைப் பாருங்கள். ஞானப் பாடல்கள் பாடிய நம் பெண்மணிகள் கீழக்கரை ஆசியா உம்மா, தென்காசி ரசூல் பீவி, இளையாங்குடி கச்சிப்பிள்ளை அம்மாள். ஒருவர் உம்மா, ஒருவர் பீவி, ஒருவர் அம்மாள். நாகூரில் வாழ்ந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938-இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை வெளியிட்டார்கள். அவர்கள் பெயருக்கு முன்னும் ஒரு மரியாதைச் சொல், பின்னும் ஒரு மரியாதைச் சொல்! 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பொறுப்பேற்று, பின்னர் 1997 முதல் 2001 வரை தமிழகத்தின் ஆளுநராகவும் இருந்து, 2023-இல் மறைந்த அம்மையாரின் பெயர் என்ன? பாத்திமா பீவி. கேரளத்தின் பத்தனம்திட்டாவில் மீரா சாஹிபுக்கும் கதீஜா பீவிக்கும் மகளாகப் பிறந்தவர். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் 'பீவி' என்ற சொல் போய் அமர்ந்தது.

சரி, மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? பெயரை மாற்றவே கூடாதா? அப்படியில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சிலரது பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு 'மாறு செய்பவள்' என்று பொருள்படும் பெயர் இருந்தது. அதனை 'ஜமீலா' என்று மாற்றினார்கள் என முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகளுக்கு 'பர்ரா' என்று பெயர். 'நற்செயலுடையாள்' என்று தன்னைத்தானே பாராட்டிக்கொள்வது போல் அது அமைவதால், அண்ணலார் அதனை மாற்றி வேறு பெயர் வைத்தார்கள். என்ன பெயர் தெரியுமா? ஸைனப்!

ஆக, அந்த மூதாட்டியின் தாயார் தாங்கியிருந்த பெயர், அண்ணலாரின் திருவாயால் ஒரு சிறுமிக்குச் சூட்டப்பட்ட பெயரின் தமிழ் வடிவம். இதனை அன்று அந்த வாசலில் நான் சொல்லியிருந்தால் அவர் உள்ளம் எவ்வளவு குளிர்ந்திருக்கும்!

புகாரி நூலில் மற்றொரு செய்தி உண்டு. 'கரடுமுரடு' என்று பொருள்படும் 'ஹஸ்ன்' என்ற பெயருடைய ஒருவரை, 'இலகு' என்று பொருள்படும் 'ஸஹ்ல்' என்று மாற்றிக்கொள்ளும்படி நபிகளார் கூறினார்கள். அவரோ, தந்தை வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்றார். அதன் பிறகு தம் குடும்பத்தில் அந்தக் கரடுமுரடு நீடித்தது என்று அவருடைய பேரர் பிற்காலத்தில் குறிப்பிட்டிருக்கிறார். இவற்றிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? பெயரில் பார்க்க வேண்டியது பொருள். பொருள் தீயதாயின், தந்தை வைத்த பெயராயினும் மாற்றுவது நல்லது. பொருள் நல்லதாயின், பழையது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். திருக்குர்ஆனில் பெயர் குறித்துச் சொல்லப்பட்ட ஒரே பெண்மணி மர்யம் (அலை) அவர்கள். அந்தப் பெயரைச் சூட்டியவர் யார்? மர்யம் என்று தாமே பெயரிட்டதாக அவர்களுடைய தாயார் இறைவனிடம் கூறுவதை ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 36-ஆம் வசனத்தில் காண்கிறோம். பெண் பிள்ளைக்குப் பெயர் வைக்கையில் தாயும் பாட்டியும் வாய் திறக்க இடம் தராத வீடுகள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பையும் நானே எழுப்பிக்கொள்கிறேன். "பெயரில் மரியாதை இருந்தது சரி, வாழ்வில் இருந்ததா?" என்று சகோதரிகள் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. நாச்சியார் என்று வாய் நிறைய அழைத்துக்கொண்டே, தந்தை சொத்தில் அவளுக்கு அல்லாஹ் விதித்த பங்கைக் கொடாமல் இருந்த வீடுகள் உண்டு. பீவி என்று பெயரிட்டுவிட்டு, அந்தப் பீவியைப் பள்ளிக்கூடம் அனுப்பாத வீடுகளும் உண்டு. பெயர் மட்டும் ஒருத்திக்கு நீதி வழங்கிவிடாது. முன்னோர் வாயால் சொன்னதை நாம் செயலால் மெய்யாக்க வேண்டும். வாழ்வில் மரியாதை குறைந்திருந்தது என்பதற்காக, பெயரில் இருந்ததையும் எடுத்துவிடுவது பரிகாரம் ஆகுமா?

இப்போது, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

அண்மையில் ஒரு மாலை, அஸர் தொழுகை முடித்து வீட்டுக்கு வந்ததும் தொலைபேசி ஒலித்தது. "ஹஜ்ரத், நான் சின்னப் பிள்ளையில் உங்களிடம் ஓதியவள். நீங்கள் பெயரை மாற்றி எழுதினீர்களே, அந்தப் பிள்ளை" என்றாள் ஒரு பெண். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஏழாம் நாள் அகீகா. பெயரில்தான் கணவருக்கும் அவளுக்கும் கருத்து வேறுபாடு. "உம்மம்மாவின் உம்மா பெயரை வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உம்மம்மா மௌத்தாகி எட்டு வருடம் ஆகிறது. கடைசி வரைக்கும் என்னை முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இவர்கள் வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள்" என்றாள்.

கணவரும் பேசினார். வளைகுடா நாட்டில் பணிபுரிபவர், விடுமுறையில் வந்திருந்தார். நல்ல பண்புள்ள பிள்ளை. "பழைய பெயர் என்பதற்காக நான் மறுக்கவில்லை, ஹஜ்ரத். இவளுக்கு மத்ரஸாச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். பாஸ்போர்ட் எடுக்கும்போது பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். வகுப்பிலும் கேலி செய்திருக்கிறார்கள். என் மகளுக்கும் அந்தத் துன்பம் வேண்டுமா?" என்று கேட்டார்.

இதில் ஒரு வாக்கியம் என்னைக் குத்தியது. இரண்டு சான்றிதழில் இரண்டு பெயர்கள் இருக்கக் காரணம் யார்? நாச்சியாரா? சிவப்பு மையை எடுத்த நான் அல்லவா?

அதனை அவரிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு சொன்னேன்: "ஒரு முறை உரிமையில்லாமல் இந்தப் பெயரில் கை வைத்துவிட்டேன், தம்பி. மறுமுறை தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நீங்கள் இருவரும்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த விவரங்களை மட்டும் சொல்கிறேன்." அவரிடம் சொன்னவற்றுள் சில உங்களுக்கும் பயன்படக் கூடும் என்பதால் இங்கே தருகிறேன்.

இரட்டைப் பெயர் ஆவணங்களில் சுமை என்று எண்ணுகிறோம். ஆனால், 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டுமே உள்ளவர்களை வருகை விசாவிலும் சுற்றுலா விசாவிலும் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டில் வேறிடத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டாலும், இடைப்பட்ட நாள்களில் எத்தனை வீடுகளில் கலக்கம்! 'சின்னதாக ஒரு பெயர்' என்று தேடித் தேடி வைத்தவர்களுக்கு அன்று பாட்டியின் பீவியும் நாச்சியாரும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

தொல்லை தருவது பெயரின் நீளமன்று; இடத்துக்கு இடம் மாற்றி எழுதுவதே. பிறப்புச் சான்றிதழில் எழுதிய அதே எழுத்துகளை, தமிழிலும் ஆங்கிலத்திலும், பள்ளியிலும் ஆதாரிலும் கடவுச்சீட்டிலும் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினால் போதும். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பெயரை அன்றே முடிவு செய்ய இயலாவிட்டாலும் கவலையில்லை. ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். எனவே, அவசரப்பட்டுப் பாதிப் பெயரை எழுதிவிட்டுப் பிறகு அலைய வேண்டாம்.

'நிஸா' என்று முடியும் பெயர்களில் இன்னும் கவனம் தேவை. கைருன்னிஸா என்றால் 'பெண்களுள் சிறந்தவள்'. நூருன்னிஸா என்றால் 'பெண்களின் ஒளி'. இவை பிரிக்கக் கூடாத தொடர்கள். படிவத்தில் 'கைருன்' என்று ஒரு கட்டத்திலும் 'நிஸா' என்று மறு கட்டத்திலும் பிரித்து எழுதினால் பொருள் உடைகிறது. 'நிஸா' என்று மட்டும் அழைத்தால், ஒரு பெண்ணைப் பார்த்து 'பெண்களே' என்று கூப்பிட்டது போலாகும்.

வகுப்பில் கேலி செய்வார்கள் என்பது உண்மையான அச்சம். அதற்கு நான் கண்ட மருந்து ஒன்று உண்டு. பிள்ளைக்குத் தன் பெயரின் கதை தெரிந்திருக்க வேண்டும். எவர் நினைவாக வைத்தோம், அவர் எப்படி வாழ்ந்தார், இரண்டாம் சொல்லுக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் ஐந்து வயதிலேயே மடியில் வைத்துச் சொல்லிவிடுங்கள். தன் பெயரில் ஓர் அரசி இருப்பது தெரிந்த பிள்ளை, கேலிக்கு அவ்வளவு எளிதில் அழுதுவிடாது.

இரண்டு நாள் கழித்து அந்தத் தம்பி மீண்டும் பேசினார். முடிவு செய்துவிட்டார்களாம். 'ஸைனப் நாச்சியார்.' முதற்பெயர் நான் பதிவேட்டில் எழுதியது போல. இரண்டாம் பெயர் நான் அடித்துவிட்டது. "முதல் பாதி உங்களுடையதாக இருக்கட்டும் என்று இவள்தான் சொன்னாள், ஹஜ்ரத்" என்றார். என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. என் பிழையையும் ஒரு பெயராக ஏற்றுக்கொண்ட அந்தப் பெண்ணின் உள்ளம் எவ்வளவு விரிந்தது! அவள் உம்மம்மாவிடமிருந்து பெற்றது பெயர் மட்டுமன்று போலும்.

அந்தப் பழைய பதிவேடு மத்ரஸா அலமாரியில் இன்னும் இருப்பதாக அறிந்து, சென்ற வாரம் அவ்வூருக்குச் சென்றேன். பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். கறுப்பு மை மங்கியிருந்தது. சிவப்புக் கோடு மட்டும் மங்கவில்லை. இப்போதைய ஆசிரியரின் அனுமதி பெற்று, அதன் கீழே பெயர் முழுவதையும் மீண்டும் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டு வந்தேன். வாசலில் நின்றவர் இல்லை. காலம் கடந்த திருத்தம்தான்.

அருமை வாசகர்களே! உங்கள் வீட்டுப் பெண் குழந்தைக்குப் புதுப் பெயர் வைப்பதை நான் தடுக்கவில்லை. நல்ல பொருளுள்ள புதுப் பெயரும் நற்பெயரே. ஆனால், பெயர்ப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன்பு, வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்தால் அவர் அருகில் சற்று அமருங்கள். "உங்கள் உம்மா பெயர் என்ன? அவர்கள் உம்மா பெயர் என்ன?" என்று கேளுங்கள். பெயரை வைப்பதும் வைக்காததும் பிறகு. கேட்டவுடன் அந்த முகத்தில் தோன்றும் ஒளியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

முகம் தெரியாத அந்தத் தாய்க்கும், அவர் பெயரைக் காத்துத் தந்த மகளுக்கும் வல்ல அல்லாஹ் சுவனத்தில் உயர்ந்த இடம் அளிப்பானாக! நம் பெண் மக்களை அவர்கள் பெயருக்கேற்ற மதிப்போடு நடத்தும் நற்பேற்றை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.